அசல் நாகூரில், வட்டி பினாங்கில்

வியாழக்கிழமை சாயங்காலமானால் பாட்டி முந்தானையில் காசை முடிந்துகொண்டு கிளம்பிவிடுவாள். எங்கே என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. வழியில் தமிழ் முஸ்லிம் நானா கடையில் அரைக் கிலோ சீனி, ஒரு கட்டு ஊதுபத்தி. மறு கையில் நான். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கிற முனைக்கு வந்ததும் செருப்பை அஞ்சடி நடைபாதையிலேயே கழற்றி என் கையில் கொடுப்பாள். "பாத்துக்கய்யா, போன வாரம் எவனோ லவட்டிட்டுப் போயிட்டான்." பிறகு சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொள்வாள். நெற்றியில் திருநீறு அப்படியே இருக்கும். அடுத்த தெருவில்தான் மாரியம்மன் கோயில். அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் இங்கே வருவாள்.

'இங்கே' என்பது பினாங்கு நாகூர் தர்கா. வெள்ளைச் சுவர், பச்சை விளிம்பு, மூலையில் குட்டி மினாராக்கள். வெளிச்சுவரை ஒட்டிப் பெட்டி பெட்டியாகக் கடைகள். உள்ளே சாம்பிராணி வாடை. லெப்பை சீனிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துப் பாத்தியா ஓதுவார். ஓதி முடித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் வைப்பார். சீனி என்னவோ கடைச் சீனிதான். ஆனால் அதில் சாம்பிராணிப் புகை ஏறியிருக்கும். அந்த ருசிக்காகவே நான் செருப்புக் காவலுக்குச் சம்மதித்தேன்.

ஒன்பது வயதில் ஒருநாள் கேட்டேன்.

"இங்க யாரு பாட்டி இருக்கா?"

"நாகூர் ஆண்டவரு."

"எங்க? காட்டு."

"இங்க இல்லடா. அவரு நாகூர்ல இருக்காரு."

"பின்ன நீ ஏன் இங்க வர்ற?"

"வட்டி கட்ட."

அந்தக் கடனின் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. பாட்டி கீவளூர்ப் பக்கத்துக்காரி. 1937ல் கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறியவள். தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் தொங்காங்கு என்கிற சரக்குப் படகுகளில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. 1941ல் என் அப்பா பிறந்தார். அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. 1944ல், மூன்று வயதில், அப்பாவுக்குக் காய்ச்சல். கண் மேலே சொருகிவிட்டதாம். மருந்து கிடையாது. பாட்டி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த முனைக்கு ஓடிவந்து, படியில் உட்கார்ந்து சொன்னது இதுதான்: "புள்ள பொழச்சா நாகூருக்கே கொண்டாந்து முடி எறக்குறேன்."

பிள்ளை பிழைத்தது. கப்பல்தான் இல்லை. சண்டை முடிந்து கப்பல் வந்தபோது காசு இல்லை. காசு சேர்ந்தபோது இன்னும் நாலு பிள்ளைகள். அப்புறம் பாஸ்போர்ட்டு, குடியுரிமை என்று வேறு தலைவலிகள். 1973ல் ராஜுலா ஓட்டத்தை நிறுத்தியது. அதற்குப் பிறகு வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985 பிப்ரவரியில் கடலிலேயே தீப்பிடித்ததோடு பயணிகள் கப்பல் காலம் முடிந்தது. விமானத்தில் போக பாட்டி ஒத்துக்கொள்ளவே இல்லை. "கப்பல்ல வந்தவ கப்பல்லதான் போவேன்" என்பாள். பிடிவாதம் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. கடலில் வேண்டிக்கொள்ளும் ஒருவரிடம் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஏதோ ஒரு கணக்கு அவளிடம் இருந்திருக்கலாம்.

ஆக, அசல் நாகூரில் நின்றது. வட்டி வாராவாரம் அரைக் கிலோ சீனியாகப் பினாங்கில் கட்டப்பட்டது.

நாகூர் ஆண்டவர், நாகூர் எஜமான், மீரான் சாகிபு, காதிர் வலி என்று கடற்கரையோரம் ஆளுக்கொரு பேரில் அழைக்கிற ஷாகுல் ஹமீது நாயகம் வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்தவர். பல தேசங்கள் சுற்றி நாகூருக்கு வந்து, ஹிஜ்ரி 978ல், அதாவது 1570ல், அங்கேயே அடங்கினார். தஞ்சாவூர் நாயக்க மன்னர் அச்சுதப்பருக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்களாம். அரண்மனையில் ஒரு புறாவின் உடம்பெல்லாம் ஊசி குத்தி ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்தாராம் நாயகம். ஊசி உருவ உருவ மன்னரின் வலி இறங்கியதாம். அதற்கு நன்றியாகக் கொடுத்த நிலத்தில்தான் நாகூர் தர்கா எழுந்தது என்பது ஊர்ச் சொல். இன்றைக்கும் அங்கே புறா விடுகிறவர்கள் உண்டு. பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது ஊசி உருவுகிற மாதிரி என் முதுகில் கிள்ளிக் கிள்ளிக் காட்டுவாள்.

இன்னொரு கதை கண்ணாடிக் கதை. நாயகத்துக்கு நாவிதர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் நடுக்கடலில் ஒரு டச்சுக் கப்பலின் அடியில் ஓட்டை. மாலுமிகள் கதறுகிறார்கள். நாயகம் கையிலிருந்த கண்ணாடியைத் தூக்கி வீசுகிறார். அது போய் ஓட்டையில் ஒட்டிக்கொள்கிறது. கப்பல் கரை சேர்கிறது.

பள்ளிக்கூடத்துச் சரித்திரம் படித்த திமிரில் நான் ஒருமுறை கணக்குப் போட்டேன். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தது 1658ல். நாயகம் மறைந்தது 1570ல். எண்பத்தெட்டு வருஷம் உதைக்கிறது. பாட்டியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம்கூட அசரவில்லை. "எந்த ஊருக் கப்பலா இருந்தா ஒனக்கு என்னடா? ஓட்டை அடைஞ்சிச்சா இல்லையா?" கடலோடிகளின் கதை அப்படித்தான் வளரும் என்று இப்போது தோன்றுகிறது. எந்தக் காலத்தில் எவனுடைய கப்பல் கடலை ஆண்டதோ, அவன் கப்பலில் ஓட்டை விழும்.

நாகூரில் ஐந்து மினாராக்கள். அதில் உயரமான பெரிய மினாரா 131 அடி; கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப் சிங். இந்து நாயக்கர் நிலம், இந்து மராட்டியர் மினாரா, நடுவில் முஸ்லிம் இறைநேசர். இதை இப்போது 'மத நல்லிணக்கம்' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பாட்டிக்கு அந்த வார்த்தை தெரியாது. கப்பல் நாகையை விட்டு நகர்ந்தபோது கடைசியாகக் கண்ணுக்குத் தெரிந்தது அந்த மினாராதான் என்பாள். அது மறைந்தபிறகுதான் எல்லாரும் அழ ஆரம்பித்தார்களாம்.

அந்தக் கப்பல் வழி பாட்டி காலத்தில் தொடங்கியதில்லை. பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியது 1786ல். எட்டே வருஷத்தில், 1794ல், அவர் எழுதுகிறார்: இங்கே சுமார் ஆயிரம் சூலியாக்கள் (தமிழ் முஸ்லிம்கள்) குடியிருக்கிறார்கள், அதுபோக ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 ஆண்கள் வரை சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்து போகிறார்கள் என்று. நாகூர், நாகை, காரைக்கால், பரங்கிப்பேட்டை மரக்காயர்களும் மாலுமிகளும் கூலியாட்களும் அதில் உண்டு. 1801ல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வந்தது. அதே நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில், இந்தத் தர்காவும் வந்துவிட்டது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே இன்னொன்று. இலங்கையில் கல்முனையில் கடலைப் பார்த்தபடி ஒன்று.

இவை ஒன்றிலும் நாயகத்தின் உடல் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. பெரியவர் ஒருவர் அடங்கிய இடம் என்பதால்தானே ஓர் இடம் தர்காவாகிறது? அடங்காத இடத்தில் எப்படி? பிறகு கப்பல் வழியை வரைபடத்தில் விரலால் தொட்டுப் பார்த்தபோது லேசாகப் புரிந்தது. வங்காள விரிகுடாவைச் சுற்றி எங்கெல்லாம் தமிழன் நங்கூரம் போட்டானோ அங்கெல்லாம் ஒரு நாகூர். புறப்படும்போது வேண்டிக்கொண்டவனுக்கு, இறங்கின இடத்திலேயே "வந்து சேந்துட்டேன் எஜமானே" என்று சொல்ல ஒரு வாசல் வேண்டியிருந்தது. பாட்டியின் மொழியில் சொன்னால் கிளை அலுவலகம். பணம் கட்டலாம், கணக்கை முடிக்க முடியாது.

நாயகத்தின் நினைவு விழாவான கந்தூரி மாதத்தில் தர்கா வேறு மாதிரி ஆகிவிடும். ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும் நாகூரில் கொடி ஏறும், பத்தாம் இரவு சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு நாகூர் வந்து சேர்ந்து ரவ்ழாவில், அதாவது அடக்கத் தலத்தில், சந்தனம் பூசுவார்கள், விழா மொத்தம் பதினான்கு நாள். அதே நாட்களில் இங்கே பினாங்கிலும் கொடி ஏறும். பிறைக் கணக்கு என்பதால் வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். பாட்டிக்கு மட்டும் எப்படியோ தேதி தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் 'கெண்டுரி' என்று சொல்வதைக் கேட்டுப் பாட்டிக்கு ஒரே ஆச்சரியம். "இவுக வீட்டுலயும் ஆண்டவருக்குத்தான் செய்றாங்களா?" இரண்டுமே சாப்பாட்டு விரிப்பைக் குறிக்கிற ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. சோறு போடுகிற இடத்தில் வார்த்தையும் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது அந்த முனைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது சுற்றுலாக்காரர்கள். 2008ல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து சூலியா தெரு முழுக்கத் தங்கும் விடுதி. தர்காச் சுவரைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் போகிறார்கள். நான் நிற்பது சொங்கோக் தொப்பி தைக்கிற நானா கடை முன்னால். கடை என்றால் ஓர் ஆள் உட்காரலாம், இரண்டாவது ஆள் நிற்கலாம். கறுப்பு வெல்வெட், உள்ளே பளபளப்புத் துணி, இரண்டுக்கும் நடுவே விறைப்புக்கு அட்டை. மேல்வட்டத்தைப் பக்கத்தோடு சேர்க்கும்போது நானா தையல் மெஷினின் சக்கரத்தைக் கையாலேயே உருட்டுகிறார். காலால் மிதித்தால் வளைவு கோணிவிடுமாம். ஊசி இறங்குகிற ஒவ்வொரு முறையும் வெல்வெட்டை நகத்தால் ஒரு நெல் அளவு திருப்புகிறார். தைத்து முடித்ததும் தொப்பியைத் தட்டிப் பார்க்கிறார், பானை வாங்குகிறவர் தட்டுகிற மாதிரி.

"இப்பல்லாம் நம்ம பிள்ளைகளே தர்காவுக்கு வர்றது தப்புங்குதுங்க தம்பி" என்றார் ஒருநாள், நிமிராமலே. "கபுருல போயி கேக்குறது ஷிர்க்குங்குதுங்க, அல்லாவுக்கு இணை வைக்கிறதாம்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"நான் கேக்குறது அல்லாட்ட. அவுக பேரச் சொல்லிக் கேக்குறேன். வசீலா. ஒரு பெரிய மனுசன் சிபாரிசு மாதிரி வச்சுக்கயேன்." கொஞ்ச நேரம் மெஷின் மட்டும் பேசியது. "எம் மகனும் அப்படித்தான் சொல்றான். அவன் பேரு ஷாகுல் ஹமீது."

இந்த வாதத்தில் நடுவர் வேலை பார்க்க எனக்குத் தகுதி இல்லை. நான் முஸ்லிம் இல்லை. மார்க்கம் படித்தவனும் இல்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். தர்காவைத் திட்டுகிறவர்கள் வீட்டிலும் மீரானும் நாகூர் கனியும் நாகூர் மீரானும் இருக்கிறார்கள். எங்கள் பக்கமும் சளைத்ததில்லை. பாட்டி திருநீற்றோடு தர்காவுக்குப் போவதை எங்கள் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து கண்டித்தார். பாட்டி அவருக்குக் காப்பி கொடுத்தாள். காப்பியில் போட்டது தர்காச் சீனி. அவர் போன பிறகுதான் எங்களிடம் சொன்னாள்.

பாட்டி 1993ல் போய்ச் சேர்ந்தாள். கடன் அப்பா தலைக்கு வந்தது. நிஜமாகவே தலைக்கு. அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பகுத்தறிவு பேசுகிற ஆள் அவர். பேப்பர் படித்துக்கொண்டே "அதெல்லாம் அந்தக் காலத்து பயம்" என்பார். 2004 டிசம்பர் 26 வரைக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுனாமி நாகப்பட்டினத்தை அடித்துவிட்டது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான், மத்தியானத்தில், பினாங்குக் கரைக்கு வந்தது. ஒரே அலை, கடலின் இரண்டு கரையும். பினாங்கில் 52 பேர் போனார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். ராத்திரி டிவியில் நாகூர், நாகூர் என்று வாசித்துக்கொண்டே இருந்தார்கள். மதம் பார்க்காமல் அடக்கம் செய்யத் தர்கா இடம் கொடுத்ததாகச் செய்தி வந்தது. அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "நாம அங்க போயிருக்கணும்" என்றார். இன்றைக்கு அங்கே போயிருந்தால் செத்திருப்போமே என்றேன். "இன்னைக்கி இல்லடா. அப்பவே." வேறொன்றும் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் எட்டு வருஷம் ஆயிற்று. அம்மாவின் நோய், என் வேலை, எப்போதும் இருக்கிற சாக்குகள். 2012ல் கோலாலம்பூர் போய் அங்கிருந்து திருச்சிக்கு விமானம், திருச்சியிலிருந்து வாடகைக் கார். வழியெல்லாம் எனக்கு வயிற்றில் சுருக் சுருக்கென்று குத்தல். பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்பா என்னைக் கவலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் தூங்குவதுபோல் நடித்தேன். கீவளூரைத் தாண்டும்போது பாட்டியின் ஊர் எங்கே என்று டிரைவரிடம் கேட்கலாம் என்று நினைத்துக் கேட்காமலே விட்டோம். யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

மினாரா தெரிந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

முடி எடுக்கிற இடம் குளத்துப் பக்கம். எங்களுக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பேர் முருகனோ குமாரோ, அதன் அம்மா அப்படித்தான் கொஞ்சினாள். அதை அடுத்து எழுபத்தோரு வயது அப்பா சப்பணமிட்டு உட்கார்ந்தார். நாவிதர் தலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உச்சியில் ஒன்றும் கிடையாது. காதோரமும் பிடரியிலும் கொஞ்சம் வெள்ளை.

"பெரியவருக்கு எடுக்க என்ன சார் இருக்கு?"

"இருக்குறத எடுங்க" என்றார் அப்பா. "அறுபத்தெட்டு வருசம் லேட்டு."

நாவிதர் சிரிக்கவில்லை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். அந்தக் கொஞ்ச முடிக்கும் புது பிளேடு மாற்றிக்கொண்டார். பிடரியில் ஒரு பழைய தழும்பு இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சுற்றி மெதுவாக வழித்தார். முடித்ததும் துண்டால் துடைத்துவிட்டு, ஓரம் உடைந்த கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து அப்பா முகத்துக்கு நேரே பிடித்தார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஆள் செருமுகிற வரைக்கும்.

உள்ளே வெள்ளி வாசல்களைத் தாண்டித் தாண்டிப் போகிறோம். சரியான நெரிசல். சாகிபு ஒருவர் மயிலிறகால் அப்பாவின் மொட்டைத் தலையை வருடி, யார் பேருக்கு ஓத வேண்டும் என்று கேட்டார். அப்பா தன் பேரைச் சொல்லவில்லை. பாட்டியின் பேரைச் சொன்னார். சாகிபு ஓதிய அரபியின் நடுவே கீவளூர்ப் பக்கத்து வயற்காட்டுப் பேர் ஒன்று வந்து போனது.

சாயங்காலம் சில்லடிக் கடற்கரைக்கு நடந்தோம். நாயகம் நோன்பிருந்து தியானம் செய்த இடம் என்பார்கள். கடல் சும்மா இருந்தது. அப்பா கிழக்கே கையைக் காட்டி "நேரா போனா நம்ம வீடு" என்றார். சரியாக நேரே போனால் அந்தமான் பக்கம்தான் போய் முட்டும், நான் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய அடுத்த வியாழக்கிழமை. வேலை முடிந்து வந்தேன். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு காரின் பக்கத்தில் நிற்கிறார். தலையில் வெள்ளை முள் முளைத்திருக்கிறது. கையில் நானா கடைப் பை. அரைக் கிலோ சீனி, ஒரு கட்டு ஊதுபத்தி.

"எங்கப்பா?"

"சூலியா தெருவுக்கு விடு."

"அதான் அடைச்சாச்சே. இன்னும் என்ன வட்டி?"

அவர் பதில் சொல்லவில்லை. கொம்தார் தாண்டி, பினாங்கு ரோடு நெரிசலில் நிற்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒனக்குக் கல்லு இருக்குன்னு சொன்னாங்கள்ல. அங்க நிக்கிறப்ப வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு?"

"ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சா நீ வந்து முடி எறக்குவேன்னு."

"என்னைக் கேக்காமலா?"

"என்னை மட்டும் எங்கம்மா கேட்டாளா?"

காரை ஓரம் கட்டினேன். அப்பா இறங்கி, அஞ்சடியில் நின்று, செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.